11 வருஷம் லேமினேஷன் மெஷின்ல நின்னவன் பேட்டரி ஆலைக்கு ஒத்துவருவேனா?

சிவகாசி ரோல்காரன்:
வணக்கம். வயசு 34. சிவகாசியில தின்பண்ட பாக்கெட் அச்சடிக்கிற யூனிட்ல லேமினேஷனும் (ஃபிலிமைப் பசை பூசி ஒட்டுறது) ஸ்லிட்டிங்கும் (ரோலை நீளவாக்குல அறுக்கிறது) பார்க்கிறேன். 12 மைக்ரான் பாலியஸ்டர் ஃபிலிம் ஓடி முடிஞ்சதும் ரோலை விரல்முட்டியால ஒரு தட்டு தட்டுவேன். சத்தத்தை வெச்சே டென்ஷன் சரியா இல்லையான்னு சொல்லிடுவேன். கிருஷ்ணகிரி பக்கம் லித்தியம் செல் ஆலைக்கு எலக்ட்ரோடு கோட்டிங் ஆபரேட்டர் வேணும்னு விளம்பரம் பார்த்தேன். நான் பிளஸ் டூவில காமர்ஸ் குரூப். வேலை வாங்கித் தர்ற ஏஜென்சியில, "பேட்டரின்னா எலக்ட்ரிக்கல் படிச்சிருக்கணும்"னு பயோடேட்டாவைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. பொண்ணு மூணாவது படிக்கிறா, ஊர் மாறணும்னா வர்ற ஜூனுக்குள்ள மாறணும். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோட்டிங் லைன் அக்கா:
தம்பி, நான் நாலு வருஷமா கோட்டிங்ல இருக்கேன். அந்த ஏஜென்சிக்காரங்க சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. 1991-ல சோனி முதல்முதலா லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தப்ப, கேசட் டேப்புக்குப் பூச்சு பூசிப் பழகின கைதான் அவங்களுக்கு உதவுச்சு. இந்தத் தொழில் பிறந்ததே ரோல் ஓட்டினவங்களாலதான்.

வேலை இதுதான்: எலக்ட்ரோடுன்னா பேட்டரியோட பிளஸ், மைனஸ் தகடு. அலுமினியத் தாள்ல கேத்தோடு (பிளஸ்) மாவு, செம்புத் தாள்ல மைனஸுக்கு கிராஃபைட் மாவு. பூசி, காயவெச்சு, உருளையில அழுத்தி, ஸ்லிட் பண்ணணும். நீங்க பசை பூசுறது 2, 3 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) இருக்கும். இங்க கேத்தோடுக்கு ஒரு பக்கமே 150-க்கு மேல போகும். அதனால உலர்த்துறதுலதான் உயிரே இருக்கு. அவசரப்பட்டு உலர்த்துற ஓவனை அதிகமா சூடாக்கினா, மாவைத் தாளோட ஒட்டவைக்கிற பைண்டர் மேல ஏறிடும். தாளை ஒட்டி இருக்கிற அடிப்பக்கம் பிடிமானம் இல்லாம உதிரும். முதல் மாசம் நான் ஓட்டின ஒரு ரோலை மடிச்சுப் பார்த்தப்ப, கருப்புத் தூளா மடியில கொட்டுச்சு. அந்தக் கருப்பு இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

ரெண்டு விஷயம் புதுசா பழகணும். ஃபிலிம் இழுத்தா கொஞ்சம் நீண்டு கொடுக்கும். 8 மைக்ரான் செம்புத் தாள் கொடுக்காது, சுருக்கம் விழுந்த மறு நொடி கிழிஞ்சிடும். அப்புறம், உங்க தட்டிப் பார்க்கிற பழக்கம் இங்க நடக்காது. வெறுங்கை படவே கூடாது, கையில இருக்கிற உப்பும் ஈரமும் பூச்சைக் கெடுக்கும். காது கேட்டுச் சொன்னதை மீட்டர் பார்த்துச் சொல்லணும். காது பழகினவங்களுக்கு மீட்டர் பழக நாளாகாது.

ஒண்ணு கண்டிப்பா கேளுங்க. கேத்தோடு மாவுல என்.எம்.பி.ன்னு ஒரு கரைப்பான் இருக்கும். நீங்க பசையில கலக்குற எத்தில் அசிட்டேட் மாதிரி மூக்குல ஏறி எச்சரிக்காது. தோல் வழியா உள்ள போகும், வயித்துல இருக்கிற பிள்ளைக்குக் கெடுதல். கையுறை என்ன ரகம், எத்தனை மணிக்கு ஒருதரம் மாத்துவாங்கன்னு இன்டர்வியூவிலயே கேளுங்க. கேட்டா வேலை போயிடுமோன்னு பயப்படாதீங்க.

டிரை ரூம் ஆளு:
அக்கா சொன்னது கோட்டிங்குக்கு. சேர்றப்ப எந்த செக்‌ஷன்னு எழுத்துல வாங்கிக்கோங்க சகோ. நான் செல்லுக்குள்ள எலக்ட்ரோலைட்டுங்கிற திரவத்தை ஊத்துற டிரை ரூம்ல, அதாவது ஈரமே இல்லாத ரூம்ல இருக்கேன். அதுல இருக்கிற உப்புல ஈரம் பட்டா ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும், அதனால ரூமோட பனிநிலை (காத்துல இருக்கிற ஈரம் பனியா படியிற வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்குக் கீழ. நாம விடுற மூச்சுகூட ஈரம்தான், உள்ள எத்தனை பேர்னு கணக்கு உண்டு. உதடு வெடிக்கும், கண்ணு எரியும். உங்க ஸ்லிட்டிங் அனுபவத்தை இங்க வீணாக்காதீங்க. ஸ்லிட் ஓரத்துல முடி மாதிரி ஒரு பிசிறு நின்னாலும் பிளஸையும் மைனஸையும் பிரிக்கிற செப்பரேட்டர் ஃபிலிமைக் குத்தி உள்ளேயே ஷார்ட் ஆகும். பிளேடு மழுங்குறதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஆளுக்கு ஸ்லிட்டிங்ல மரியாதை அதிகம்.

கோட்டிங் லைன் அக்கா:
தம்பி, பயோடேட்டாவை மாத்தி எழுதுங்க. "லேமினேஷன் அனுபவம்"னு ஒரு வரி போதாது. நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர், எத்தனை மைக்ரான், கழிவு எத்தனை சதவீதம், எல்லாம் நம்பரா இருக்கணும்.

சிவகாசி ரோல்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சகோ. வேகமும் மைக்ரானும் கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவேன். கழிவை மட்டும் நான் எழுதி வெச்சதே இல்ல, சூப்பர்வைசர்தான் எழுதுவார். இன்னைக்கு நைட் ஷிஃப்ட்லேர்ந்து நானே எடை போட்டு எழுதப்போறேன், பொண்ணோட பழைய ரெண்டாங்கிளாஸ் நோட்டுல பாதிப் பக்கம் காலியா இருக்கு. பிளேடு மாத்தின நேரத்தையும் கூடவே குறிக்கிறேன். ஒரு மாசம் கழிச்சு கணக்கோட வர்றேன்.