அம்மாவுக்கு லாவெண்டர் தோட்டம் பார்க்க ஆசை. ஏற்காட்டில் வழி உண்டா?

அழகாபுரத்துப் பெண்:

வணக்கம். நாங்கள் சேலத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் பிரான்ஸிலிருந்து அனுப்பிய படங்களைப் பார்த்தார். மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாக ஊதாப் பூ. அன்றிலிருந்து, "இப்படிப் பூத்துக் கிடக்கிற இடத்தில் ஒரு தடவை போய் நிற்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அப்பா இருந்தவரையில் தனக்கென்று எதையும் கேட்டு வாங்கியவர் இல்லை. இப்போது கேட்கிறார், தட்டிக்கழிக்க மனம் வரவில்லை.

ஏற்காட்டில் எங்காவது லாவெண்டர் போட்டிருக்கிறார்களா? மார்ச் கடைசியில் எனக்கு இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடியும். அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது, மேடு பள்ளத்தில் நடக்கவும் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:

மே மாதம் கோடை விழாவுக்கு வாருங்களேன். அண்ணா பூங்காவில் மலர்க்கண்காட்சி வைப்பார்கள். ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதிகம் நடக்க வேண்டியதில்லை. கூட்டம் மட்டும் இருக்கும்.

காப்பிக்காட்டான்:

அக்கா, நான் ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவன். அப்பா 31 வருடம் ஒரு காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. அம்மாவின் ஆசை நியாயமானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லாவெண்டரை நம்பி இங்கே வராதீர்கள். அது காய்ந்த, கல் கலந்த மண்ணும் நல்ல வெயிலும் கேட்கிற செடி. வேரில் ஈரம் நின்றால் அழுகிவிடும். எங்கள் மலையிலோ இரண்டு பருவத்திலும் மழை, மீதி நாளில் பனிமூட்டம். நம் நாட்டில் வயல் வயலாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜம்முவில் டோடா மாவட்டத்து பதர்வாவுக்குப் போக வேண்டும். அங்கே ஜூன், ஜூலையில் பூக்கும். மார்ச்சில் போனாலும் பயனில்லை.

ஆனால் நீங்கள் சொல்கிற மார்ச் கடைசி, எங்கள் மலைக்கு வேறொரு விதத்தில் பொன்னான காலம். காப்பி பூக்கும் நேரம் அது. சேலத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்காதவர்களே அதிகம் என்று எனக்கு நெடுநாளாக ஆதங்கம். எல்லோரும் மே மாதம் வந்து படகு விட்டுவிட்டுப் போகிறார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இத்தனை தலைமுறையாக அது வருடம் தவறாமல் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது.

குளிர்காலத்திலேயே மொட்டுகள் வந்து, வறண்ட மாதங்களில் அப்படியே உறங்கிக் கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நல்ல மழை இறங்க வேண்டும். பூ மழை என்போம். எஸ்டேட்டுகளில் மழையை சென்ட் கணக்கில் சொல்வார்கள். நூறு சென்ட் ஓர் அங்குலம். அப்பா மழைமானியைத் தூக்கிப் பார்த்து "நூறு தாண்டிவிட்டது" என்றால் வீட்டில் அன்றைக்கே பேச்சு மாறிவிடும். தூறலோடு நின்றுபோனால் மொட்டு சரியாக விரியாது. நல்ல மழை பெய்தால் ஒன்பது, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே விடியலில் பூக்கும்.

முந்தைய நாள் மொட்டுகள் வெள்ளை மெழுகுவர்த்தி போல நீண்டு நிற்கும். மறுநாள் காலையில் ஒவ்வொரு கணுவிலும் இலைக்காம்பை மறைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாய் வெள்ளை. இதழ் ஐந்துதான், மெல்லியது. நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரத்தைக் கிளை நெடுகச் சுற்றி வைத்தது போல இருக்கும். வாசமும் ஏறக்குறைய மல்லிகைதான், உள்ளே கொஞ்சம் எலுமிச்சைப் பூவும் கலந்தாற்போல. சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்குக் கீழே, தேனீ ரீங்காரம் காதை அடைக்கும். இரண்டு நாள் அப்படியே இருக்கும், மூன்றாம் நாள் பழுப்பு விழத் தொடங்கிவிடும்.

ஆகவே தேதி குறித்து அறை பதிவு செய்யாதீர்கள். மழையைப் பார்த்து நாள் குறியுங்கள். அம்மா தோட்டத்துக்குள் இறங்கவே வேண்டாம். நாகலூர் சாலையில் இரண்டு பக்கமும் காப்பிதான். வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாலே வாசம் உள்ளே வரும். வேலி தாண்டுவதாக இருந்தால் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பூவைப் பறிக்கவும் கிளையை உலுக்கவும் கூடாது. அந்தப் பூ ஒவ்வொன்றும் கார்த்திகை, மார்கழியில் பழமாக வேண்டியது. கூலிக்கு அதை எடுக்கிறவர்களின் வயிறு அதில் இருக்கிறது.

மலைப்பாதை:

இவர் சொல்வதுதான் சரி. மே மாதம் என்று நான் சொன்னதை விட்டுவிடுங்கள். வழி பற்றி ஒன்று: அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸும் நிறைய உண்டு, சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் அளவுதான். ஆனாலும் அம்மாவுக்குக் கார்தான் நல்லது. வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். இஞ்சி மிட்டாய் கையில் இருக்கட்டும்.

அழகாபுரத்துப் பெண்:

காப்பிக்காட்டான் தம்பி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தினமும் குடிக்கிறேன், அது பூக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லையே" என்றார். லாவெண்டர் பேச்சை விட்டுவிட்டார். இப்போது காலையில் எழுந்ததும் மாடிக்குப் போய் மலைப்பக்கம் மேகம் இருக்கிறதா என்று பார்க்கிறார். மழை பெய்தால் இங்கே ஒரு வரி எழுதுவீர்களா?

காப்பிக்காட்டான்:

அக்கா, நேற்று, மார்ச் 18, மாலை நாலரை மணிக்குப் பிடித்து ஏழு மணி வரை விடாமல் பெய்தது. எஸ்டேட் மழைமானியில் 130 சென்ட். 27 அல்லது 28 விடியலில் பூக்கும். 27 காலை ஆறு மணிக்குள் மேலே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் வாசம் தணிந்துவிடும். என் பெரியப்பா மகன் வேலை பார்க்கும் எஸ்டேட்டில் கேட்டு வைத்திருக்கிறேன். கார் காப்பிச் செடி வரைக்கும் போகும். அம்மா உட்கார அங்கே ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன். சால்வை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.