மடத்துக்கு வருகிற சாமிமாரைப் பிள்ளைகள் எப்படிக் கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ

கேணியடி எழுதியது:

வணக்கம். முள்ளியவளைக்குக் கிட்ட எங்கள் ஊர். கோயிலோடு சேர்ந்த பழைய மடம் ஒன்று இருக்கிறது. கருங்கல் தூண், ஓட்டுக் கூரை சண்டையோடு போய் இப்போது தகரம், முன்னால் பாதி தூர்ந்த கேணி. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக நடக்கிற அடியார்கள், நாங்கள் சாமிமார் என்போம், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை ஒட்டி இந்தப் பக்கம் வருவார்கள், அதில் ஒரு கூட்டம் எங்கள் மடத்தில் ஒரு இரவு தங்கும். அந்தப் பொங்கலுக்காகக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கு எரிகிற அந்தக் கிழமை ஊர்ப் பெரியவர்களைப் பிடிக்கவே முடியாது, அதனால் இந்த முறை அறநெறி வகுப்புப் பிள்ளைகளை (22 பேர், 7 வயது முதல் 13 வரை) வைத்து வரவேற்பு, தண்ணீர், பரிமாறல் எல்லாம் செய்விக்கலாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் வாயைத் திறந்துவிட்டேன். இப்போது எல்லாம் என் தலையில்.

போன வருடம் நடந்ததைச் சொன்னால் என் பயம் விளங்கும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி “வணக்கம், வாருங்கள்” என்று ஒன்றாகச் சொல்ல வைத்தோம், சொல்லி முடித்ததும் அவ்வளவு பேரும் ஓடிவிட்டார்கள். ஒரு சின்னவளைத் தேவாரம் பாடச் சொல்லி, அவள் இரண்டாவது வரியில் மறந்துபோய் அழ, காலெல்லாம் கொப்புளத்தோடு வந்த வயதான அம்மா ஒருவர் அது முடியும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். இன்னொருவன் அந்தக் கால்களை போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்டவருக்கு ஒரு பிள்ளை நேரே கிணற்றிலிருந்து அள்ளிக் கொடுத்தது, “எங்கட கிணறு நல்லது” என்று சொல்லி. நாங்களே குடிக்கிறது ஃபில்டர் தண்ணி, சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து.

இரண்டு சனிக்கிழமை இருக்கிறது. எதைச் சொல்லிக் கொடுப்பது? என் மகனே வீட்டுக்கு ஆள் வந்தால் அறைக்குள் போய்விடுவான், கூப்பிட்டால் வாசலில் நின்று “ஹாய்” என்பான், அவ்வளவுதான்.

—

பென்சன் வாத்தி எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த வரிசையை விடுங்கள். மந்திரிமாருக்காகவும் பணிப்பாளர்மாருக்காகவும் 30 வருடம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திய பாவி நான். வரிசையில் நிற்கிற பிள்ளை வருகிறவரைப் பார்க்காது, ரீச்சரின் முகத்தைத்தான் பார்க்கும்.

ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள், அது உண்மையான வேலையாக இருக்கட்டும். வாசலில் இரண்டு வாளி, இரண்டு செம்பு, காலுக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு பேர். செம்பை உயர்த்தி ஊற்றினால் கொப்புளம் உடைந்த கால் எரியும், குனிந்து கணுக்காலுக்குக் கிட்டச் சாய்த்து மெல்ல ஊற்ற வேண்டும். இதை வாயால் சொல்லி விளங்காது, ஒருவர் காலில் ஒருவரை ஊற்றிப் பழகச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அதற்கும் முதல், நிலத்தில் வெண்கட்டியால் இலங்கைப் படம் கீறி, தொண்டைமானாற்றில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, அங்கிருந்து குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமம் வரைக்கும் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் ஒரு பிள்ளையை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். இவர்கள் வந்தது எவ்வளவு தூரம், இனிப் போக இருப்பது எவ்வளவு என்று கண்ணால் கண்டால், தேவாரம் முதலா தண்ணீர் முதலா என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பரிமாறுவதில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம் வர வேண்டும், எதிரே நின்று போடுகிற பிள்ளைக்கு அது வலது பக்கம், பெரிய ஆட்களே பிழை விடுகிற இடம் இது. மற்றது, “காணுமோ?” என்று கேட்கக் கூடாது. காணுமோ என்றால் காணும் என்றுதான் சொல்லுவார்கள், பாதி வயிற்றோடு எழும்புவார்கள். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு “இன்னும் கொஞ்சம் போடவோ?” என்று கேட்க வேண்டும்.

விடியப் புறப்படும்போது “எங்கே போறீங்கள்?” என்று கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிக்கிடுகிற ஆளை அப்படிக் கேட்பது சகுனப் பிழை என்று பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். எங்கள் ஆச்சி “தூரவோ?” என்றுதான் கேட்பா.

—

கச்சான்கடை எழுதியது:

வாத்தியார் சொன்னதெல்லாம் சரி, தேத்தண்ணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டுச் சட்டம்: தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கக் கூடாது, சீனி போடவோ என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு மரியாதைக்காவது “வேண்டாம்” என்றுதான் பதில் வரும். இரண்டாவதைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்றால், லண்டனிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா சலரோகக்காரர், ஒரே பின்னேரத்தில் மூன்று வீட்டில் மூன்று பால் தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் சீனி கரையாமல் அடியில் கிடக்கும், மறுக்க மனம் வராமல் குடித்துவிட்டு இரவு தலைசுற்றிப் படுத்துவிட்டார். வெறும் தேத்தண்ணியும் பக்கத்தில் ஒரு தட்டில் பனங்கட்டியும் வையுங்கள், கடிக்கிறவர் கடிக்கட்டும்.

—

கிளாலி96 எழுதியது:

நான் இப்போது கனடாவில். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட சனத்தில் எங்கள் வீடும் ஒன்று, எனக்கு 9 வயது. தென்மராட்சியில் சில மாதம், பிறகு 96 சித்திரையில் கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு. புதுக்குடியிருப்புப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் படலையில் ஏழு பேர் நிற்கிறோம், உள்ளே போகலாமோ என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறார். அந்த வீட்டில் என் வயதில் ஒரு பெண் பிள்ளை. “வாங்கோ” என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு, “செருப்பை வெளியில விடாதேங்கோ, நாய் கொண்டுபோயிடும்” என்றாள். சொல்லிவிட்டுத் தானே குனிந்து ஒவ்வொரு சோடியாகப் பொறுக்கி, என்னுடைய வார் அறுந்து ஊசி குத்தியிருந்த பாட்டாவையும் சேர்த்து, உள்ளே தங்களுடைய செருப்புகளுக்குப் பக்கத்தில் சுவரோரமாக அடுக்கினாள். அம்மா அந்த இடத்தில்தான் முதல் தடவையாக அழுதா, அதுவரைக்கும் கடலிலும் அழவில்லை.

ஏழு மாதம் இருந்தோம். அந்த வீட்டில் ஒருவரும், சின்னவன்கூட, “எப்ப போவீங்கள்?” என்று கேட்டதில்லை. அதைக் கேட்டால் தோலை உரிப்பேன் என்று தாய் சொல்லிவைத்திருந்தாவாம், பல வருடம் கழித்துத்தான் தெரியும். ஆகவே எதைக் கேட்கக் கூடாது என்பதையும் உங்கள் இரண்டு சனிக்கிழமையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

—

வயல்வெளி எழுதியது:

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. மடம் என்றால் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முதல் கொஞ்சம் யோசியுங்கள். என் அப்பப்பா வயல் வேலைக்குப் போன வீட்டில் வீட்டுக்காரருக்கு மூக்குப்பேணி, அவருக்குச் சிரட்டை, அதுவும் படலைக்கு வெளியே. மூக்குப்பேணி அழகான சாமான்தான், இப்போது கண்ணாடி அலுமாரியில் காட்சிக்கு வைக்கிறார்கள். வாய் படாமல் அண்ணாந்து குடிக்கிறதுக்கு அந்த மூக்கு, அந்தப் பக்குவத்துக்குள் என்னென்ன இருந்தது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். சாதி பார்த்துத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் வந்தது, ஆனாலும் 1968இல் மாவிட்டபுரத்தில் உள்ளே போக விடச் சொல்லிக் கோயில் வாசலில் போராடத்தான் வேண்டியிருந்தது. பழைய மரியாதை என்று நாங்கள் சொல்லும்போது யாருக்குக் கொடுத்த மரியாதை என்று கேட்கிற ஆட்களும் ஊரில் இருக்கிறோம்.

நான் கேட்பது சின்ன விஷயம். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பேணி. அப்புறம், குசினிக்குள் எந்தப் பிள்ளை போகலாம், வாசலோடு எந்தப் பிள்ளை நிற்க வேண்டும் என்று பெரியவர் யாராவது மெல்லமாகப் பிரிக்கப் பார்த்தால், 22 பேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள்.

—

கேணியடி எழுதியது:

@வயல்வெளி கோபமில்லை. அந்தப் பிரிப்பு போன வருடம் நடந்தது, நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன், நீங்கள் எழுதின பிறகுதான் அப்படி ஒப்புக்கொள்ள வருகிறது. சீட்டுத்தான்.

—

ரெண்டு பெட்டையளின் அம்மா எழுதியது:

யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். பிள்ளைகள் எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும், தனியாக இல்லை. விளக்கு வைத்த பிறகு படுக்கிற பக்கம் பெரியவர்கள் மட்டும். காவி கட்டியிருக்கிறார், சாமி என்று கூப்பிடுகிறோம் என்பதற்காக மடியில் இருத்துவது, கன்னத்தைக் கிள்ளுவது ஒன்றும் வேண்டாம், பிள்ளை கை கூப்பினால் போதும். கட்டிப்பிடிக்க மறுக்கிற பிள்ளையை “மரியாதை தெரியாதது” என்று சபையில் ஏசாதீர்கள். போன் படம், கேட்டு அவர்கள் ஓம் என்றால் மட்டும்.

—

கேணியடி எழுதியது:

சாமிமார் வந்து போய்விட்டார்கள், எழுதுகிறேன் என்று சொல்லி இரண்டு கிழமை ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

60 சில்வர் பேணி புதிதாக வாங்கினோம், எல்லாம் ஒரே அளவு. நிர்வாகத்தில் ஒருவர் “வீண் செலவு” என்று முணுமுணுத்தார், எதற்கு முணுமுணுக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஒருவரும் பதில் சொல்லவில்லை. சீட்டுக் குலுக்கியதில் குசினிக்கு வந்த நாலு பேரில் என் மகனும் ஒருவன். தேங்காய் துருவத் தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டான், ஆனால் அறைக்குள் ஓடவில்லை. காலுக்குத் தண்ணீர் ஊற்றின பிள்ளைகளை வாத்தியார் நேரில் பார்த்திருக்க வேண்டும், பழகும்போது சிரித்த சிரிப்பு ஒருவரிடமும் இல்லை. ஒரு சின்னவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே, தன் சட்டை நுனியால் ஒரு அம்மாவின் காலைத் துடைத்தாள். இலை மூன்று தலைகீழ்.

போன வருடம் வீடியோ எடுத்தவனுக்கு நான் கொடுத்த வேலை, சாமிமாரின் போன்களைச் சார்ஜ் போடுவது. இரண்டு மல்டிபிளக், ஒரு ரோல் டேப். ஒவ்வொரு போனிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதினான். பெயர் கேட்டால் சில பேர் “சாமி எண்டு எழுது ராசா” என்றார்களாம், அவனும் அப்படியே எழுதிவிட்டான். விடிய 4 மணிக்கு ஐந்து போனில் “சாமி” என்று இருந்தது, அதைப் பிரித்துக் கொடுக்க அரை மணித்தியாலம்.

புறப்படும்போது ஏழு வயதுக்காரன் ஒருவன் நித்திரைக் கண்ணோடு படலை வரைக்கும் வந்து, அந்தச் சின்னவள் யாருடைய காலைத் துடைத்தாளோ அந்த அம்மாவிடம் “தூரவோ?” என்று கேட்டான். அவ சிரித்துவிட்டு, “ஓம் ராசா, கொஞ்சம் தூரந்தான்” என்றா.

ஒரு போன் இன்னும் மடத்தில் கிடக்கிறது. கறுப்பு நிற நோக்கியா, பட்டன் போன், பின்னால் “சாமி” என்று ஒட்டியிருக்கிறது. கூட்டம் இந்நேரம் மூதூர் தாண்டியிருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் வாருங்கோ, பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன்.