புட்டண்ணா கணகால் எடுத்தது நல்லபாம்பா, சாரைப்பாம்பா?

மல்லேஸ்வரம் மணி:
பக்கத்து இழையில் குறுக்குசால் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கன்னட டைரக்டர் புட்டண்ணா கணகால் மேதையெல்லாம் இல்லையாம், அடுத்தவர் நாவலை வாங்கிக் கெடுத்தவராம். அதற்குச் சாட்சி, 'நாகரஹாவு' (கன்னடத்தில் நல்லபாம்பு) நாவலை எழுதிய த.ரா.சு. படத்தைப் பார்த்துவிட்டு, நான் எழுதியது நல்லபாம்பு, இவர் எடுத்தது சாரைப்பாம்பு என்று சொன்னாராம். இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெள்ளி மோடா (1967), கெஜ்ஜெ பூஜெ (1969), சரபஞ்சரா (1971), நாகரஹாவு (1972), எடகல்லு குட்டத மேலே (1973) என்று ஆறேழு வருடத்துக்குள் இத்தனை படம் கொடுத்த மனிதனை, யாரோ காபி குடிக்கும்போது சொன்ன ஒரு பாம்புக் கதையை வைத்து முடித்துவிடலாமா? குறுக்குசால் அவர்கள் இதில் ஒரு படமாவது முழுதாகப் பார்த்திருக்கிறாரா என்று முதலில் சொல்லட்டும்.

குறுக்குசால்:
சோறு இறங்கவில்லை என்றால் ரசம் ஊற்றிக்கொள்ளுங்கள் சார். படமும் பார்த்தேன். "யாரோ" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த யாரோ த.ரா.சு. சித்ரதுர்கா கோட்டையைப் பற்றி அவரை மிஞ்சி எழுத ஆள் கிடையாது. 'துர்காஸ்தமான' நாவலுக்கு அவர் போனபிறகு 1985-ல் சாகித்ய அகாதமி விருது வந்தது. கதையைப் பெற்ற தகப்பனே இது என் பிள்ளை இல்லை என்கிறார். மல்லேஸ்வரத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஜாதகம் எழுதுகிறீர்கள். சாரைப்பாம்பு என்றால் சாரைப்பாம்புதான்.

ரீல்பெட்டி:
நடுவில் ஒன்று. இவர் தமிழிலும் எடுத்திருக்கிறார், பெயர் எஸ்.ஆர்.புட்டண்ணா என்று வரும். ஜெய்சங்கர், வாணிஸ்ரீ நடித்த டீச்சரம்மா (1968), பிறகு இருளும் ஒளியும் (1971). "திருமகள் தேடி வந்தாள்" பாட்டைக் கல்யாண மண்டபத்தில் கேட்காத ஆள் உண்டா? அந்தப் படம் இவருடையதுதான். கன்னடத்தில் கல்பனாவை வைத்து எடுத்த கப்பு பிளுப்பு படத்தையே இங்கே வாணிஸ்ரீயை வைத்து எடுத்தார். சண்டையைத் தொடருங்கள்.

மல்லேஸ்வரம் மணி:
ரீல்பெட்டி அண்ணே, நன்றி. குறுக்குசாலுக்கு வருகிறேன். த.ரா.சு. பெரிய எழுத்தாளர், நான் மறுக்கவே இல்லை, மறுத்ததாக நீங்களே எழுதிக்கொண்டு நீங்களே பதிலும் சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் படம் ஒரு நாவல் இல்லை, நாகரஹாவு, ஒந்து கண்டு எரடு ஹெண்ணு, சர்ப்ப மத்சர என்று மூன்று நாவல். மூன்றையும் மூன்று மணி நேரத்துக்குள் அடக்கினால் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். நாவலில் பக்கம் பக்கமாகக் கதாநாயகன் ராமாச்சாரியின் மனசுக்குள்ளே போய்ப் பார்க்கலாம், திரையில் அந்தப் பையனின் கண்ணையும் அவன் வாத்தியார் சாமய்யா மேஷ்ட்ருவின் குரலையும் வைத்துத்தான் சொல்ல முடியும். 2018-ல் அதைப் புதுப்பித்துத் திரும்ப வெளியிட்டபோது அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அவர் 72-லேயே பார்த்தவர். பரீட்சையில் பிடித்துக் கொடுத்த பிரின்சிபாலை ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பத்தில் கட்டிவிட்டு ஓடுகிற பையன், ஊரே அடித்தாலும் அடங்காதவன், சாமய்யாவாகக் கே.எஸ்.அஸ்வத் வந்து நின்றதும் தோளைத் தளர்த்துவான் பாருங்கள், அங்கே அப்பா முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு வாத்தியாராக அப்படி ஒருத்தர் அமையவில்லையே என்று மட்டும் சொன்னார். இதைச் செய்த பாம்புக்கு விஷம் இல்லையா? அப்புறம், த.ரா.சு. சொன்னதை நீங்கள் எங்கே படித்தீர்கள்? எந்தப் பத்திரிகை, எந்த வருடம்?

குறுக்குசால்:
கர்நாடகத்தில் சினிமா பேசுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு ரசீது கேட்கிறார். அப்பா சீட்டைப் பிடித்ததற்கு ரசீது இருக்கிறதா? கேரெ ஹாவு என்றார். கேரெ என்றால் சாரை. முடிந்தது.

தென்காசி நாகு:
சாரைப்பாம்பு என்றால் அது என்ன அவமானமா? எங்கள் பக்கம் சாரை ஆண், நல்லபாம்பு பெண் என்பார்கள். இரண்டும் பிணையும்போது மேலே புது வேட்டியைப் போட்டு எடுத்துவைத்தால் வீட்டுக்கு நல்லது. அப்படிப் பார்த்தால் எழுத்தாளர் நல்லபாம்பு, டைரக்டர் சாரை, ஜோடிப் பொருத்தம் சரியாகத்தானே இருக்கிறது?

வயல்வெளி:
நாகு, எத்தனை தடவை சொல்வது. சாரை வேறு இனம், நல்லபாம்பு வேறு இனம். நீங்கள் பிணைகிறது என்று நினைப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் சண்டை. சாரைக்கு விஷம் கிடையாது, வயலில் எலியைத் தின்று நமக்கு நெல்லை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். அதைத் திட்டுச் சொல்லாக்கியது யார் என்று தெரியவில்லை.

தென்காசி நாகு:
எங்கள் தாத்தா கண்ணால் பார்த்திருக்கிறார். நீங்கள் புத்தகத்தில் பார்த்திருக்கிறீர்கள்.

மல்லேஸ்வரம் மணி:
பாம்புப் பண்ணையை வேறு இழையில் வையுங்கள். குறுக்குசால், கெடுத்தவர் கெடுத்தவர் என்கிறீர்களே, பெள்ளி மோடா, சரபஞ்சரா இரண்டும் திரிவேணி எழுதியவை. திரிவேணி 1963-லேயே காலமாகிவிட்டார். 67-ல் வந்த படத்தைப் பார்த்து அவர் எப்படிக் குறை சொல்வார்? கெஜ்ஜெ பூஜெ எம்.கே.இந்திராவின் நாவல். சரபஞ்சராவில், பிரசவத்துக்குப் பிறகு மனநலம் குலைந்து, குணமாகி வந்தாலும் வீடும் ஊரும் பைத்தியம் என்றே பார்க்கிற ஒரு பெண்ணை 1971-ல் கதாநாயகியாக்கி எடுத்திருக்கிறார். அந்த வருடம் நம் ஊரில் அப்படி எத்தனை படம் வந்தது? பெண்கள் எழுதிய நாவலைத் தேடிப் போய் எடுத்தவரைத்தான் நீங்கள் திருடன் மாதிரிப் பேசுகிறீர்கள்.

குறுக்குசால்:
திருடன் என்று நான் எங்கே சொன்னேன்? கெடுத்தவர் என்றேன். அதுவும் நான் சொல்லவில்லை, த.ரா.சு. சொன்னார். திரிவேணி இறந்துவிட்டதால் பாராட்டினார் என்று அர்த்தமா? சரி, ஒரே கேள்வி. கையில் புத்தகம் இல்லாமல் புட்டண்ணா எடுத்த பெரிய படம் ஒன்று சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம் மணி:
கேள்வியே தப்பு. நாவலைத் தேர்ந்தெடுப்பதும் திறமைதான். கல்லை வாங்கிவந்தது யார் என்று சிற்பியிடம் கேட்பீர்களா? விஷ்ணுவர்தனைக் கண்டுபிடித்தது யார்? அம்பரீஷுக்கு முதல் படம் கொடுத்தது யார்? இரண்டுமே இதே சாரைப்பாம்பில்தான் நடந்தது.

குறுக்குசால்:
கேள்விக்குப் பதில் இல்லை, குறித்துக்கொள்கிறேன். விஷ்ணுவர்தன் அதற்கு முன்பே 'வம்சவ்ருக்ஷ' படத்தில் நடித்துவிட்டார், கிரீஷ் கர்நாடும் பி.வி.காரந்தும் எடுத்தது. அதையும் புட்டண்ணா கணக்கில் எழுதப் பார்க்கிறார்.

மல்லேஸ்வரம் மணி:
அதில் அவர் குமார், சின்ன வேடம். விஷ்ணுவர்தன் என்று பெயர் வைத்ததே புட்டண்ணாதான். கூட்டத்தில் நின்ற பையனைப் பார்த்ததும் கதாநாயகனாக்கியதும் ஒன்றா? இந்த மாதிரிக் கணக்கு நீங்கள் போன வருடம் டைரக்டர் பி.ஆர்.பந்துலு இழையிலும் போட்டீர்கள். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துவிட்டது போலிருக்கிறது.

ஓசூர்க்காரன்:
பந்துலு என்றதும் ஞாபகம் வந்தது, புட்டண்ணா அவரிடம்தான் உதவியாளராக இருந்தார். புட்டண்ணாவிடம் உதவியாளராக இருந்தவர் நம்ம பாரதிராஜா. ரஜினியை முதலில் நடிக்க வைத்ததும் புட்டண்ணாதானே, கதா சங்கமாவில்?

ரீல்பெட்டி:
இல்லை தம்பி. அபூர்வ ராகங்கள் 1975 ஆகஸ்டு. கதா சங்கமா 1976 ஜனவரி. அதில் மூன்று குறுங்கதைகள், ஒன்றில்தான் ரஜினி வருவார், அதுவும் கண் தெரியாத பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க வருகிற ஆளாக. அதே கதையை வைத்து மகேந்திரன் 84-ல் கை கொடுக்கும் கை எடுத்தபோது ரஜினி அவளுடைய புருஷன். கெடுக்க வந்தவரே கை கொடுக்க வந்துவிட்டார்.

ஓசூர்க்காரன்:
அடடா. ஆனாலும் பாலசந்தருக்கு முன்னாடி படப்பிடிப்பு நடந்திருக்கலாம் இல்லையா?

ரீல்பெட்டி:
"இருக்கலாம்" என்று ஆரம்பித்தால் எம்.ஜி.ஆரையும் புட்டண்ணாதான் அறிமுகப்படுத்தியிருக்கலாம்.

குறுக்குசால்:
ரஜினி வந்ததும் மணி சார் தப்பித்துவிட்டார். நான் விடமாட்டேன். சாரைப்பாம்பு என்றாரா இல்லையா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

மல்லேஸ்வரம் மணி:
சொல்லியிருந்தால் சொல்லிவிட்டுப் போகட்டும் ஐயா! ஜெயகாந்தன் கோபப்படாத சினிமாக்காரர் உண்டா? எழுத்தாளருக்குத் தன் எழுத்தின் மேல் பாசம், அவ்வளவுதான். நாகரஹாவில் ஜெயந்தி உலக்கையைத் தூக்கிக்கொண்டு, கோட்டைக் காவலாளியின் மனைவி ஒபவ்வாவாக அந்தக் கோட்டைப் பொந்தின் ஓரத்தில் நிற்கும் காட்சியைப் பாருங்கள், ஹைதர் அலியின் சிப்பாய் ஒவ்வொருத்தனாகத் தலையை நீட்ட நீட்ட உலக்கை இறங்கும், பின்னால் பி.பி.ஸ்ரீநிவாஸ் குரல். சித்ரதுர்காவுக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் முதலில் ஒபவ்வன கிண்டி, அதாவது அந்தப் பொந்து, எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் எல்லோரும் நாவலைப் படித்துவிட்டா வருகிறார்கள்? புட்டண்ணா 51 வயதில், 1985 ஜூனில், மசணத ஹூவு படம் பாதியில் நிற்கும்போது செத்துப்போனவர். மீதியைக் கே.எஸ்.எல்.சுவாமி முடித்தார். கர்நாடக அரசு இன்றைக்கும் டைரக்டர்களுக்கு அவர் பெயரில்தான் விருது கொடுக்கிறது. சாரைப்பாம்பு பெயரில் விருது கொடுப்பார்களா?

குறுக்குசால்:
ஆக, சொன்னார் என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

மல்லேஸ்வரம் மணி:
"சொல்லியிருந்தால்" என்று எழுதினேன். தமிழ் படிக்கத் தெரியுமா?

வயல்வெளி:
எடகல்லு குட்டத மேலே என்றீர்களே, அந்த எடக்கல் மலை வயநாட்டில் இருக்கிறது, கேரளம். யாரும் கவனிக்கவில்லை.

மல்லேஸ்வரம் மணி:
கவனித்தோம். யாரும் கேட்கவில்லை.

ரீல்பெட்டி:
அவர் முதலில் டைரக்ட் செய்ததே மலையாளப் படம்தான், 1964-ல் ஸ்கூல் மாஸ்டர். கேரளத்தை அப்படி ஒதுக்க வேண்டாம் மணி.

மல்லேஸ்வரம் மணி:
நீங்களுமா அண்ணே? நான் கேரளத்தை எங்கே ஒதுக்கினேன்? நாகரஹாவு படத்துப் பாட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள், பாம்பின் பகை பன்னிரண்டு வருஷம் என்று. குறுக்குசாலுக்கு பந்துலு இழை முடிந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, இன்னும் பதினொன்று பாக்கி.

குறுக்குசால்:
பகை வைப்பது நல்லபாம்பு. இது சாரை.

தென்காசி நாகு:
சாரையும் பகை வைக்கும். எங்கள் தாத்தா