அக்சஸ் பாயின்ட் அமைப்பில் தராத புலங்கள்: பூஜ்யம் அனுப்பலாமா?

கேள்வி (அலை11):
ஒரு வைஃபை சிப்புக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். கிளையன்ட்டாக நன்றாக ஓடுகிறது. அக்சஸ் பாயின்ட்டாக, அதாவது மற்ற கருவிகள் வந்து இணையும் மையமாக, மாற்றியதிலிருந்து மூன்று நாளாகத் தூக்கமில்லை. அக்சஸ் பாயின்ட்டை நடத்தும் நிரலான ஹோஸ்ட்ஏபிடி பிழையின்றித் தொடங்குகிறது, ஆனால் போனில் நெட்வொர்க்கின் பெயரே தெரிவதில்லை. பெயரைக் கையால் அடித்தால் இணைகிறது. வேகமோ பாதிகூட இல்லை. சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேருக்குப் போகும் கட்டளையை அச்சிட்டுப் பார்த்தேன். யாரும் தராத புலங்களெல்லாம் பூஜ்யமாகப் போகின்றன: பெயர் ஒளிபரப்பு 0, ஆர்டிஎஸ் வரம்பு 0. நினைவகத்தைப் பூஜ்யமாக்கித் தொடங்குவதுதானே நல்ல பழக்கம்?

பதில் (பழைய_கெர்னல்):
நல்ல பழக்கம்தான். ஆனால் இங்கே பூஜ்யத்துக்கே பொருள் இருக்கிறது. ஆர்டிஎஸ் வரம்பு 0 என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (அனுப்பும் தரவுத் துண்டுக்கும்) முன்பு அனுமதி கேள் என்று கட்டளை. உங்கள் வேகம் அங்கேதான் கரைகிறது. மார்வெல் சிப்புகளுக்கான எம்வைஃபைஎக்ஸ் டிரைவரைப் படியுங்கள். அது வேண்டுமென்றே செல்லாத மதிப்புகளை முதலில் நிரப்புகிறது: பீக்கன் (நெட்வொர்க் தன் இருப்பை அறிவிக்கும் சிறு செய்தி) இடைவெளிக்கு 32767, டிடிஐஎம்முக்கு (எத்தனை பீக்கனுக்கு ஒருமுறை, தேக்கிவைத்த ஒளிபரப்புத் தரவு அனுப்பப்படும் என்ற எண்) 127. பயனர் தந்தவை அவற்றின் மேல் எழுதப்படும். எல்லைக்குள் இருக்கும் புலம் மட்டுமே கட்டளையில் சேரும். மற்றவற்றை ஃபர்ம்வேர் தன் இயல்பு மதிப்பில் விட்டுவிடும்.

பதில் (பீக்கன்):
இதை நான் முழுதாக ஏற்கவில்லை, ஐயா. தரத்தின்படி டிடிஐஎம் 1 முதல் 255 வரை போகலாம். 127 அதற்குள் வருகிறது. அந்த டிரைவர் தனக்கென்று சிறிய உச்சம் வைத்திருப்பதால்தான் அது ‘தரப்படவில்லை’ என்ற காலிக் குறியாக நிற்கிறது. மேலும், தராததும் தவறாகத் தந்ததும் ஒன்றல்ல. தராததை விட்டுவிடலாம். தவறாகத் தந்ததை விழுங்கினால், கேட்டது நடந்ததாகவே பயனர் நம்புவார். புலத்துக்கு ஒரு பிட் வைத்துத் தரப்பட்டதா என்று குறியுங்கள். எல்லை மீறினால் ‘தவறான மதிப்பு’ என்ற லினக்ஸ் பிழை எண்ணான மைனஸ் 22ஐத் திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு உண்மையான கவலை. 2019இல் அதே எம்வைஃபைஎக்ஸில் மூன்று ஹீப் வழிதல்கள் (ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதும் பிழைகள்) திருத்தப்பட்டன. அக்சஸ் பாயின்ட் அமைப்போடு வரும் எலிமென்ட்கள் என்னும் தகவல் துண்டுகளின் நீளத்தைச் சரிபாராமல் நகலெடுத்ததே காரணம். நெட்வொர்க் பெயரான எஸ்எஸ்ஐடி 32 பைட்டைத் தாண்டாது என்று நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள்.

அலை11:
இருவருக்கும் நன்றி. பிட் முறையில் மாற்றினேன். பெயர் தெரிகிறது, வேகமும் திரும்பிவிட்டது. என் சிப்பின் டிடிஐஎம் உச்சம் 100. 200 கொடுத்துச் சோதித்தேன். இப்போது ஹோஸ்ட்ஏபிடி தொடங்க மறுக்கிறது, முன்பு வாய் திறக்காமல் தொடங்கியது. விற்பனையாளர் எலிமென்ட்டை நகலெடுக்கும் இடத்தில் நீளச் சோதனையே இல்லை என்று இப்போதுதான் பார்த்தேன். அதை இன்றிரவே எழுதுகிறேன்.