பத்து நாள் ஆய்வுமுறைப் பயிற்சி: பாதி நாள் எஸ்பிஎஸ்எஸ்ஸுக்குப் போகலாமா?

தென்பெண்ணை:
சமூக அறிவியல் ஆய்வு மாணவர்களுக்கான பத்து நாள் பயிற்சியில் ஐந்து நாளை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் விழுங்கினால், அந்த நிரலே தப்பு என்பது என் கட்சி. டி-டெஸ்ட்டை, அதாவது இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனையை, எந்த மெனுவில் எடுப்பது என்பதை ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம். கெட்டுப்போன கேள்வியை எந்த மென்பொருளும் திருத்தாது. பாலக்கோட்டுத் தக்காளி விவசாயியிடம் "ஆண்டு வருமானம் எவ்வளவு?" என்றால் வாய்க்கு வந்த ஒரு எண்தான் வரும். எத்தனை பெட்டி, மண்டியில் என்ன விலை, கமிஷன் எவ்வளவு, பறிப்புக் கூலி எவ்வளவு, பால் பணம், நூறு நாள் வேலை, பெங்களூரிலிருந்து மகன் அனுப்பியது என்று தனித்தனியாகக் கேட்டுக் கூட்ட வேண்டும். இதற்கு இரண்டு நாளாவது பழகணும்.

அதியமான்கோட்டை:
ஒத்துக்க முடியாதுங்க. பகுப்பாய்வு தெரியாதவருக்குக் கேள்வியும் எழுத வராது. நிலத்தை "1 முதல் 5 ஏக்கர்" என்று கட்டம் போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு சராசரி கேட்டால் எங்கே போவது? இன்னொன்று, 'பதில் இல்லை' என்பதற்கு 99 என்று பதிந்து, அதை விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளுக்குச் சொல்ல மறப்பது. 200 பேரில் 10 பேருக்கு 99, மற்றவர்களின் சராசரி 2 ஏக்கர் என்றால், திரையில் 6.85 ஏக்கர் என்று வரும். எதிர்மறைக் கூற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போடாமல் கிரான்பாக் ஆல்பா (கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) பார்த்தால் அதுவும் சரிந்து விழும். இதெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்தால்தான் பிடிபடும்.

ராயக்கோட்டை:
இரண்டு பேரும் மாதிரியெடுப்பை, அதாவது யாரை, எத்தனை பேரைக் கேட்பது என்பதை, விட்டுட்டீங்க. ஆய்வேடுகளில் 384 பேர் என்ற எண் மந்திரம் மாதிரி வருது. 95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை வரம்பு. ஆனால் அது தனி ஆட்களை நேரடியாகக் குலுக்கி எடுத்தால் மட்டும். ஊரைத் தேர்ந்து, ஊருக்கு 25 வீடு எடுத்தால், ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையை 0.05 என்று வைத்தால் பெருக்கு எண் 1 + 24 × 0.05 = 2.2. 384-ஐ அதால் பெருக்கினால் 845 பேர் வேண்டும். ஊருக்கு 10 வீடு என்றால் 1.45, 557 பேர் போதும். ஆனால் 34 ஊருக்குப் பதில் 56 ஊர், அலைச்சல் கூடும்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்பது அடுத்த கோளாறு. பெங்களூர், திருப்பூர் போனவர்களும், ஓசூரில் ஷிப்டுக்குப் போனவர்களும் மொத்தமாக விடுபடுவார்கள். மாலையிலும் ஞாயிறிலும் திரும்பப் போகணும். வாக்காளர் பட்டியலை நம்பினால் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளிகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஊருக்குள் போய் வீட்டுப் பட்டியல் எழுதித்தான் ஆகணும்.

தென்பெண்ணை:
அதைத்தானே நானும் சொல்றேன், இதெல்லாம் களத்து வேலை! தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகளில் பேட்டியாளர் அந்தந்த இடத்தில் மொழிபெயர்த்தால் ஆளுக்கொரு கேள்வியாகிவிடும். முன்கூட்டியே பெயர்த்து, வேறொருவரை விட்டுத் தமிழுக்குத் திருப்பிப் பார்த்து, பத்துப் பேரிடமாவது ஓட்டிப் பார்க்கணும்.

அதியமான்கோட்டை:
களம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேசை வேலையிலும் இதே அளவு ஆபத்து இருக்கு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். 2001 கணக்கெடுப்பு அட்டவணையில் 'தர்மபுரி' என்றால் கிருஷ்ணகிரியும் சேர்ந்தது. 2011-இல் இரண்டும் தனித்தனி. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு 'மக்கள்தொகை சரிவு' என்று எழுதினால் ஆய்வே போச்சு. தாலுகா வாரியாகப் பிரித்துக் கூட்டணும்.

ராயக்கோட்டை:
அப்படின்னா மூன்றாம் நாளே ஊருக்குப் போங்க. முப்பது பேர் வகுப்பு, ஆளுக்கு ஐந்து பேட்டி, மொத்தம் 150 வரிசைத் தரவு. அந்தத் தரவையே மென்பொருளில் ஏற்றுங்க. தன் கையால் பதிந்த 99-ஐத் தானே தேடிப் பிடிக்கட்டும்.

அதியமான்கோட்டை:
முதலாண்டு மாணவருக்கு இது சரி. தரவு முழுக்க எடுத்து முடித்து மூன்றாம் ஆண்டில் வருபவருக்கு? அவர்களுக்குத் தனி வகுப்பு வைக்காமல் என் ஐந்து நாளைக் குறைக்க விடமாட்டேன்.