சிங்கப்பூர் – நியூயார்க்: பறக்கும் நேரத்தைக் கணக்கிட உதவி தேவை

நண்பர்களே, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் முதல் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை பெருவட்டத் தூரம், அதாவது பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய தூரம், சுமார் 15,340 கி.மீ. வருகிறது. (ஜேஎஃப்கேயின் தீர்க்கரேகை −73.78, மேற்கு என்பதால் மைனஸ்; அந்தக் குறி விட்டுப்போனால் விடை வெறும் 5,300 கி.மீ. ஆகிவிடும், புதிதாகப் போடுபவர்கள் கவனிக்கவும்.) மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம். ஆனால் அட்டவணையில் 18 மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கிறார்கள். உள்ளூர் நேர வித்தியாசத்தை, குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12, சரிசெய்த பிறகும் இடிக்கிறது.

ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து அரை மணி வைக்கலாம். மிச்சம்தான் சிக்கல். குறுக்குவழி வடதுருவம் பக்கம் போகிறது. விமானமோ பின்காற்றைப் பிடிக்க அடிக்கடி பசிபிக் வழியே சுற்றுகிறது. ஜனவரியில் இந்தத் தடத்தில் உண்மையில் பறந்த தூரமும் சராசரிப் பின்காற்று வேகமும் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். ஒரு நாள் கணக்கு போதாது, நான்கைந்து நாளாவது வேண்டும்.