ஜெர்க் – தமிழில் என்ன சொல்? (பத்தாம் வகுப்புப் பயிற்சித்தாள், அவசரம்)

கோபிச்செட்டிபாளையம், ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. இயக்க விதிகளுக்கு ஒரு கூடுதல் பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "பிரேக் போட்டா முன்னாடி சாயறோம், அது நிலைமம். பஸ் நின்ன அப்புறம் பின்னாடி தள்ளுதே, அது ஏனுங்க டீச்சர்?"

பிரேக் பிடித்திருக்கும் வரை எதிர்முடுக்கம் (வேகம் குறையும் வீதம்) 3 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்க உடம்பு விறைத்து நிற்கிறது. பஸ் நிற்கும் கணத்தில் அந்த 3, 0.2 விநாடியில் சுழியாகிறது. விறைப்பு மட்டும் மிச்சம், அதுதான் பின்னே தள்ளுகிறது. முடுக்கம் மாறும் வீதம் 15 மீ/வி³. நல்ல ஓட்டுநர் கடைசியில் பிரேக்கை இளக்கி, அதே மாற்றத்தை 1.5 விநாடிக்கு நீட்டுவார். வீதம் 2 ஆகிவிடும். முடுக்கம் மாறும் இந்த வீதத்தைத்தான் ஆங்கிலத்தில் ஜெர்க் என்கிறார்கள். இதற்குத் தமிழில் ஒரு சொல் வேணும்.

ஈரோடு:
வெடுக்கம். 'வெடுக்குனு புடுங்கினான்' என்கிறோமே, அதுதான். முடுக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுக்குத் தானாக மனதில் நிற்கும்.

கோவை:
ஐயா, முடுக்கு வினையடி. அதனால் முடுக்கம் பிறந்தது. வெடுக்கு வெறும் ஒலிக்குறிப்பு, அதில் அம் விகுதி எப்படி ஏறும்? தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணங்களை, அதாவது செய்யுளின் ஓசை நடைகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று முடுகு. முடுக்கமும் அந்தக் குடும்பம்தான். இன்னொன்று அகைப்பு: 'அகைப்பு வண்ணம் அறுத்தறுத் தொழுகும்'. வெட்டி வெட்டிப் போகும் நடைக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள சொல் கையில் இருக்க, புதிதாக ஏன் செய்ய வேண்டும்? அகை என்றால் அறு, முறி. அகைப்பு என்றே வைப்போம்.

ஈரோடு:
திடுக்கு ஒலிக்குறிப்புத்தானுங்களே? திடுக்கம் அகராதியில் இருக்கிறதே.

கோவை:
திடுக்கம் மனத்தின் அச்சம். அளவிடும் கணியத்துக்கு அது முன்மாதிரி ஆகாது.

திருப்பூர், நூற்பாலை பராமரிப்பு:
எங்க பசங்க ஜெர்க்குனுதான் சொல்றாங்க. மோட்டாரை வெடுக்குனு கெளப்பினா இழை அறும். மெதுவா வேகம் ஏத்தினா அறாது. அகைப்புன்னு பலகையில எழுதினா யாருக்கும் வெளங்காதுங்க.

யாழ்ப்பாணம்:
எங்கட பக்கம் வெடுக்கு என்றால் மீன் நாற்றம். பிள்ளையள் சிரிப்பினம். முடுக்கத்தை நாங்கள் ஆர்முடுகல் என்கிறோம். உங்கள் நிறை எங்களுக்குத் திணிவு, உங்கள் எடை எங்களுக்கு நிறை. இன்னொரு பிளவு வேண்டாமே.

கரூர்:
நிறை–திணிவுச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். முடுக்கவீதம் என்றால் யாருக்கும் புரியும்.

கோபிச்செட்டிபாளையம், ஆசிரியை:
முடுக்கவீதம் விளக்கம்தானுங்க, பேர் இல்லை. நேற்று வகுப்பில் அரைக்கிலோ படிக்கல்லைத் தையல்நூலில் தொங்கவிட்டு, கல்லுக்கு அடியிலும் அதே நூலைக் கட்டினேன். கீழ்நூலை மெல்ல இழுத்தால் மேல்நூல் அறுந்தது. அதில் கல்லின் எடையும் சேர்கிறது. சட்டென இழுத்தால் கீழ்நூல் அறுந்தது. கல் அசைந்து மேல்நூலை நீட்டுவதற்குள் இழுவிசை ஏறி முடிந்துவிடுகிறது. என்ன செய்தேன் என்று எழுதச் சொன்னேன். சொல்லித் தராமலே பெரும்பாலோர் 'வெடுக்கென' என்றுதான் எழுதினார்கள். வெடுக்கம் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயா சொன்னதற்காக, முதலில் வரும் இடத்தில் முடுக்கவீதம் என்ற விளக்கமும் சேரும்.

திருப்பூர்:
சரிங்க. ஜெர்க்கையும் ஒரு மூலையில போடுங்க, ஐடிஐ போற பசங்களுக்கு ஆகும்.

கோவை:
அச்சு உங்கள் பொறுப்பு அம்மா, தடுக்க மாட்டேன். ஆனால் வினையடி இல்லாத சொல்லிலிருந்து 'வெடுக்கமடையும்', 'வெடுக்கமான' என்று எழுதிப் பாருங்கள். அகைப்பு என்றால் 'அகைக்கும்', 'அகைந்தது' எல்லாம் தானே வரும். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுப்புவேன்.